பாய்லர் ஆறும் நேரம்

பாய்லர் அடுப்பின் இரும்புக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் பூவராகவன் மூன்றாவது முறையாக ரயில் நேரங்களை எழுதினான். முதல் இரண்டு முறையும் எழுத்து சூட்டில் பொருக்குவிட்டு உதிர்ந்துபோயிற்று. உதிரும் என்று தெரிந்தேதான் மறுபடியும் அங்கேயே எழுதினான். பதினெட்டு வருஷமாக அவன் கண் பார்த்துப் பழகிய இடம் அந்தக் கதவு. வேறு எங்கே எழுதினாலும் மண்டையில் ஏறாது. கவரைப்பேட்டையில் ஐந்தே முக்கால் பாசஞ்சர். சென்ட்ரல் ஏழேகால். ரோட்டைக் கடந்தால் பார்க் ஸ்டேஷன், அங்கே எலெக்ட்ரிக் வண்டி. பரங்கிமலையில் இறங்கும்போது எட்டு இருபது. நடந்துபோய் மலை ஏற முக்கால் மணி. மேலே ஒரு மணி நேரம், கூடக் கொஞ்சம். பத்தரைக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் பன்னிரண்டு மணிப் பாசஞ்சரைப் பிடிக்கலாம், ஒன்றரைக்கெல்லாம் மில் வாசலில் நிற்கலாம். கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டு வைத்தான்.

அவனுக்குக் கிடைக்கிற பகல் ஓய்வு அவ்வளவுதான். அரிசி மில் பாய்லரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழுவியாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தீயை இறக்கி, ஆவியைத் திறந்துவிட்டு, தண்ணீரை வடித்துவிட்டால் மறுநாள் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் அதன் கிட்டே யாருக்கும் ஜோலி கிடையாது. முதலாளியே வந்து நின்று அதட்டினாலும் இரும்பு தன் இஷ்டப்படிதான் ஆறும். ஆறிய பிறகு பூவராகவன் ஆள் நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, சுவரில் ஒட்டிய உப்புக் காரையைச் சுரண்டி எடுத்து, பொழுது சாய்வதற்குள் மறுபடி தீ மூட்டியாக வேண்டும். நடுவில் கிடைக்கிற அந்த அரை நாளில் இத்தனை வருஷமாக முகச்சவரம் செய்துகொண்டான், வெற்றிலை போட்டான், தூங்கினான். வேறு எதற்காவது அது உதவும் என்று இந்த மாசி மாதம் வரைக்கும் அவனுக்குத் தோன்றவில்லை. எழுபத்திரண்டாம் வருஷம், நாற்பத்திரண்டு வயசு; இப்போதாவது தோன்றிற்றே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

மில்லில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பரங்கிமலை என்ன காசியா, ராமேஸ்வரமா? காலையில் போய்ச் சாப்பாட்டு வேளைக்குத் திரும்பிவிடுகிற இடத்துக்கு ஒரு மனிதன் இருபது நாளாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அதில் அதிகமாக அடிபட்டவன் தானியேல். பாய்லரில் பூவராகவனுக்கு உதவியாள். டிசம்பர் மாதம் கோயில் பாட்டுக் குழுவோடு அந்த மலைக்குப் போய்வந்த புண்ணியவான் அவன் ஒருத்தன்தான் என்பதால், உமி அள்ளுகிற நேரம்கூடப் பூவராகவன் அவனைச் சும்மா விடவில்லை. எத்தனை படி? நூறும் சில்லறையும் இருக்கும் என்றான் தானியேல். சில்லறை என்றால் எவ்வளவு? முப்பதா, அறுபதா? மில் கிடங்கின் மாடிக்குப் பதினான்கு படி; அப்படியானால் கிடங்குக்குப் பத்துத் தடவை ஏறுகிற மாதிரியா? நடுவில் உட்கார இடம் இருக்கிறதா? நெற்றியில் குங்குமத்தோடு போனால் மேலே மாதா கோயிலுக்குள் விடுவார்களா? மேலே குடிக்கத் தண்ணீர்? இதையெல்லாம் கேட்டுவிட்டு, பொம்பளைகளுக்கு ஒதுங்க இடம் உண்டா என்பதை மட்டும் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று நாள் தள்ளிப்போட்டான். தானியேலும் பாவம், தெரிந்ததைச் சொன்னான், தெரியாததைக் கும்மிடிப்பூண்டியில் இருக்கிற தன் கோயில் உபதேசியாரிடம் போய்க் கேட்டுவந்து சொன்னான். மேஸ்திரி சுப்பராயன் மட்டும், டில்லிக்குப் போகிற மந்திரிகூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு பேருக்குத் தெரிந்த விஷயம் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அவன் பெண்டாட்டி செங்கம்மாள். அவளுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். அதே மில்லில், பாய்லர் கொட்டகையிலிருந்து நாற்பது எட்டில், நெல் காய்கிற களத்தில் அவளுக்கு வேலை. முன்கூட்டிச் சொன்னால் 'எதுக்கு வெட்டிச் செலவு' என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். ஒரே மகளை எளாவூரில் கட்டிக்கொடுத்த கல்யாணத்தில்கூடத் தனக்கென்று ஒரு புடவை கேட்காதவள். அதனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மறுக்க முடியாதபடி, முந்தின நாள் சாயங்காலம் சொல்வது என்று வைத்திருந்தான். களத்துப் பக்கம் யாரும் மூச்சு விடக் கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

பிறகு காரணம். போன புரட்டாசியில் ஒரு நாள் ஆவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டு அவன் வலது கையையும் தொடையையும் வேக வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருபத்தோரு நாள், வீட்டில் வாழையிலை மேல் ஒரு மாதம். பாய்லர் நிற்கக் கூடாது. முதலாளி நாயுடுபேட்டையிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவர வண்டி அனுப்பத் தயாராகிவிட்டார். செங்கம்மாள் போய் நின்றாள். மீட்டரையும் வால்வையும் தானியேல் பார்த்துக்கொள்வான், உமி போடுகிற வேலையை நான் செய்கிறேன், அந்த ஆள் எழுந்து வருகிற வரைக்கும் அவர் இடத்தில் ஒருத்தரையும் உட்காரவைக்காதீர்கள் என்றாள். முதலாளிக்கு அவள் மேல் ஒரு மரியாதை உண்டு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சரி என்றார். விடியற்காலை அடுப்பில் உமி, பகலெல்லாம் களத்தில் நெல், பொழுது சாய்ந்தால் மறுபடி உமி, நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து இவனைத் திருப்பிப் படுக்கவைத்து மருந்து. ஐம்பத்தோரு நாள். புருவமும் இமை முடியும் கருகி, அடையாளம் தெரியாத முகத்தோடு அவள் கஞ்சி ஊட்டியதை அவன் படுத்தபடி பார்த்தான். பார்த்தானே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் பக்கத்தில் பெண்டாட்டிக்கு எவன் நன்றி சொல்கிறான்? சொன்னால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஆனால் சொல்லாதது உள்ளே கிடந்து உறுத்தியது. அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் இங்கே நின்றுதானே அவள் முகம் வெந்தது என்று தோன்றும்.

மலை என்கிற யோசனை அவள் வாயிலிருந்தே வந்ததுதான். தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், களத்துக்கு மேலே ஒரு ஏரோப்ளேன் தாழப் போயிற்று. செங்கம்மாள் கண்ணுக்குக் கை வைத்து நிமிர்ந்து பார்த்தவள், "அத்தினி ஒசரத்துலேந்து பாத்தா நம்ம களம் இன்னா சைஸ்ல தெரியும்யா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறந்துவிட்டாள். அவனுக்கு மறக்கவில்லை. அந்தப் பக்கம் எல்லாம் தட்டையான பூமி. ஏரி, வயல், உப்பங்கழி, அதைத் தாண்டிக் கடல். பனைமரத்துக்கும் மில் புகைபோக்கிக்கும் மேலே உயரமாக ஒன்றும் கிடையாது. அவள் பிறந்ததிலிருந்து எதையும் மேலே நின்று பார்த்ததே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தானியேலிடம் சொன்னபோது அவன் உமிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமாண்ணா? பரங்கிமலைக்கு இட்டுகினு போ. அங்க ஏரோப்ளேனையே மேலேந்து பாக்கலாம்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

கழுவுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் வந்தது. புளிச்சோற்றுக்குப் புளி ஊறப்போட்டாயிற்று. அதையும் அவனே, அவளுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டுச் சட்டியில். கடைசித் தொட்டி நெல்லை அவித்துக் களத்தோரம் கொட்டிவிட்டார்கள். தீயை இறக்க இன்னும் அரை மணி இருந்தது. களத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போனான். இருபது நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னான். ஐந்தே முக்கால், ஏழேகால், எட்டு இருபது, எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் உட்கார இடம் உண்டு, தண்ணீர் உண்டு, ஒதுங்க இடமும் உண்டு என்றான்.

செங்கம்மாள் குழாயை மூடாமல் அவனையே பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்து, வந்தபடியே நின்றது.

"நாளைக்கா? நாளைக்குக் களத்துல நெல்லு கெடக்குமேய்யா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. பாய்லர்தான் ஆறிக்கொண்டிருக்குமே என்றான். பாய்லர் ஆறும், நெல் காய வேண்டாமா என்று அவள் கேட்டாள். இன்றைக்கு அவித்துக் கொட்டிய நெல்லை நாளைக்கு விடிந்ததும் பரப்ப வேண்டும், காலால் துழாவித் துழாவி விட வேண்டும், மத்தியானத்துக்கு முன்னால் பதம் பார்த்து அள்ள வேண்டும். பாய்லர் கழுவுகிற ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அன்றைக்குக் களத்துக்கு ஒரு நாளும் லீவு இருந்ததில்லை.

மனுஷன் அப்படியே நின்றுவிட்டான். பதினெட்டு வருஷம். நாற்பதே எட்டு தூரம். சங்கு ஊதுவது ஒன்றுதான், சம்பளம் ஒரே மேஜையில்தான். ஆனாலும் பாய்லர் நின்றால் மில்லே நின்றுவிட்டதென்று இவன் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கழுவுகிற நாளில் இவன் வெற்றிலை போட்டுக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருந்த காலையெல்லாம், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வெயிலில் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். மலைப் படி ஒவ்வொன்றையும் பற்றி விசாரித்தவன் பெண்டாட்டியின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பாய்லர்காரனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் குழாயை ஓங்கி மூடினான்.

அடுத்த முறை போகலாம் என்றும் சொல்ல முடியாது, அடுத்த முறையும் இதே கதைதான். மில் மூடுகிற ஆடியில் போகலாமா என்றால், ஆடியில் இரண்டு பேரும் எளாவூரில் லாரி மூட்டை, செங்கல் சூளை என்று ஆளுக்கொரு பக்கம் கூலிக்கு அலைவார்கள். ஆக, இவன் ஓய்வும் அவள் ஓய்வும் வருஷத்தில் எந்த நாளிலும் ஒன்றாக வராது. இரண்டு பேரில் ஒருத்தர் தன் வேலையை வேறு ஆளிடம் விட்டுவந்தால்தான் உண்டு. அவள் இடத்திலோ மாற்றுக்கு ஆள் கிடையாது.

முதலாளிக்கு அவள் மேல் மரியாதை என்றேனே, அதுதான் இது. களத்தில் பதினோரு பெண்கள் நெல் துழாவுகிறார்கள். எப்போது அள்ளுவது என்று சொல்கிறவள் செங்கம்மாள் ஒருத்திதான். ஒரு மணியை எடுத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்து மெல்லக் கடிப்பாள். அந்தச் சத்தத்தில், பல்லுக்குத் தெரிகிற அழுத்தத்தில், பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அரை மணி பிந்தினால் நெல் அதிகமாகக் காய்ந்து, மிஷினில் அரிசி உடைந்து நொய்யாகிவிடும். ஒரு களம் நெல் நொய்யானால் முதலாளிக்கு நஷ்டம், அவள் பேர் போயிற்று. ஒன்பது வருஷமாக அவள் பல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"போலாம்னுதான் இருக்குது" என்றாள் செங்கம்மாள். குரல் இறங்கியிருந்தது. "யாரும் என்ன எங்கயும் வான்னு கூப்ட்டதில்லியே. ஆனா உட்டுட்டு எப்டிய்யா வர்றது?"

போகலாம் என்று அவள் சொன்னதுதான் அவனைக் கொன்றது. வேண்டாம் என்றிருந்தால் ஆறிப்போயிருப்பான். ஆசையைக் காட்டிவிட்டுப் பிடுங்கினதாக ஆகிவிட்டதே என்று இருந்தது. அப்போதுதான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த கன்னியம்மா வாயைத் திறந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சின்னவள், களத்தில் மூன்று வருஷம். போன வருஷம் ஒரு தடவை செங்கம்மாள் காய்ச்சலில் படுத்தபோது, இவள் பதம் சொல்லி எட்டு மூட்டை நொய்யாகி, மேஸ்திரி வாயில் விழுந்து எழுந்தவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் அளந்துதான் பேச்சு.

"யக்கா, நீ போய்ட்டு வா. நான் கடிச்சிப் பாக்கறேன்."

செங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பூவராகவன் மேஸ்திரியைக் கூட்டிவந்தான். சுப்பராயன் தலையைச் சொறிந்துகொண்டு, எனக்கு நெல்லும் தெரியாது பல்லும் தெரியாது, செங்கம்மாள் சரி என்றால் சரி, உடைந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார். ஆக, தலைச்சுமை அவள் தலையிலேயே திரும்பி வந்து உட்கார்ந்தது. போகிற ஆசை ஒரு பக்கம், ஒன்பது வருஷப் பேர் ஒரு பக்கம். பூவராகவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் அவன் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

செங்கம்மாள் களத்துக்குள் போனாள். அம்பாரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி, மேலிருந்து ஒரு பிடி, நேற்றுக் காய்ந்து கிடங்குக்குப் போகக் காத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி என்று ஐந்து இடத்தில் நெல் எடுத்துவந்து முந்தானையில் தனித்தனியாக வைத்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லிக் கன்னியம்மா கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முதலாவது ஈரம் என்றாள் கன்னியம்மா. இரண்டாவது, இன்னும் ஒரு மணி நேரம். மூன்றாவது பதம். நான்காவது தாண்டிவிட்டது. நான்கும் சரி. மற்றப் பெண்கள் சுற்றிவந்து நின்றார்கள். ஐந்தாவதைக் கடித்தாள், இன்னொரு மணியைக் கடித்தாள், மறுபடி ஒன்று. கண்ணைத் திறந்துவிட்டாள்.

"இது எனுக்குத் தெரிலக்கா" என்றாள்.

நின்றவர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. பூவராகவனுக்கு ஐந்தே முக்கால் பாசஞ்சர் கண்ணெதிரே புறப்பட்டுப் போனது. செங்கம்மாள் மட்டும் முந்தானையை உதறிவிட்டு, முதல் தடவையாக அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்தாள்.

"தெரிலன்னு சொன்ன பாரு, அது போதும் எனக்கு. போன வருசம் தெரிஞ்ச மாதிரி சொன்ன. சந்தேகமா இருந்தா முன்னாடியே வாரிடு. ஈரத்த மறுநாளு காய வெச்சிக்கலாம். காஞ்சத ஒண்ணும் பண்ண முடியாது."

கன்னியம்மா தலையை ஆட்டினாள். செங்கம்மாள் நடைபோடுகிற நெல் வரிசையை நாங்கள் பிரித்துக்கொள்கிறோம் என்று மற்றவர்கள் முந்திக்கொண்டு சொன்னார்கள். இவர்கள் யாரையும் பூவராகவன் இருபது நாளாகத் தன் திட்டத்தில் சேர்க்கவில்லை. இவர்கள் இல்லாமல் அந்தத் திட்டம் வெறும் சுண்ணாம்புதான் என்று நினைத்துக்கொண்டான். மகராசிகள் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

மறுநாள் மலையடி வரைக்கும் எல்லாம் எழுதிவைத்தபடியே நடந்தது. பாசஞ்சர் பத்து நிமிஷம் பிந்தியதைத் தவிர. தன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையில் செங்கம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில் சுள்ளென்று இருக்கும், பத்தரைக்கே பதம் வந்துவிடும் என்றாள். எலெக்ட்ரிக் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளிடம், நாங்கள் மலைக்குப் போகிறோம், இவர்தான் கூட்டிப்போகிறார் என்று தானாகச் சொன்னாள். பூவராகவன் வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மலையடி வாசல் வளைவிலிருந்து படி தொடங்கியது. செங்கம்மாள் விறுவிறுவென்று ஏறினாள். நாளெல்லாம் நடக்கிறவளுக்கு இது ஒரு பொருட்டா என்று அவன் நினைத்தான், அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சமதரையில் நெல்லைத் தள்ளிக்கொண்டு நடக்கிற கால் வேறு, படி ஏறுகிற கால் வேறு போலிருக்கிறது. ஐம்பது படி தாண்டியதும் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக்கொண்டன. அம்மா என்று அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கிடங்கு மாடியோடு பெருக்கிப் பார்த்த திட்டத்தில் இது வரவில்லை. அவன் இரண்டு படி கீழே உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அமுக்கிவிட ஆரம்பித்தான். அவள் பதறிக் காலை இழுத்தாள். படியில் ஆள் வருகிறது, வெள்ளை உடுப்புக் கன்னியாஸ்திரீகள் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள், ஆம்பிளை பொம்பளை காலைப் பிடிப்பதாவது. அவன் விடவில்லை. பாதம் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள் நெல் உமியின் துணுக்கு அந்தப் புடவைக்கும் பொருந்தாமல் அந்த மலைக்கும் பொருந்தாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்தபடியே சொன்னான்:

"நான் படுத்துகினு இருந்தப்ப நீ செஞ்சியே செங்கா. அத்த நான் மறக்கல. நீ இல்லன்னா நான் இன்னேரம் இல்ல. வேலையும் இல்ல."

செங்கம்மாள் காலை இழுப்பதை நிறுத்தினாள். பிறகு குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இத்த சொல்லவா இம்மாந்தூரம் இஸ்துகினு வந்த? ஊட்லயே சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவனுக்கு ஆறு மாதமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கிவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான். மீதிப் படிகளை அவன் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் கைப்பிடிச் சுவரோரமாக வந்து நின்றார்கள். ஒரு பக்கம் கடல் கோடு கிழித்தாற்போல. இடையில் வீடுகள், மொட்டைமாடிகள், தென்னந்தோப்புகள். இன்னொரு பக்கம் மீனம்பாக்கம், தரையில் ஒரு ஏரோப்ளேன் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முதுகு தெரிந்தது. தானியேல் பொய் சொல்லவில்லை. செங்கம்மாள் வாயைப் பிளந்து பார்த்தாள். பிறகு வடக்கே திரும்பிக் கவரைப்பேட்டை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவன் கை நீட்டிக் காட்டினான். வெறும் புகைமூட்டம்தான். மில் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும் என்றான். பாய்லர் எரிகிற நாளில் இவன் இங்கே வர முடியாது, வருகிற நாளில் அங்கே புகை இருக்காது. அதைக் கேட்டு அவள் மறுபடி சிரித்தாள். தெரியாவிட்டால் போகட்டும், அந்தப் பெண் பார்த்துக்கொள்வாள் என்றாள்.

புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். உப்புக் கொஞ்சம் தூக்கல், அவள் சொல்லவில்லை. பத்து மணியிருக்கும், இன்னேரம் கன்னியம்மா கடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒரு தடவை மட்டும் சொன்னாள். கையைக் கழுவிவிட்டு வந்து மரத்தில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அவன் கடலில் நிற்கிற கப்பலைக் காட்ட விரலை நீட்டி, அதோ பார் என்று திரும்பினால், அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் பகலில் அவள் கண் மூடி அவன் பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்தபோதுகூட விழித்துக்கொண்டேதான் கிடப்பாள். இங்கே, கடலும் பட்டணமும் ஏரோப்ளேனும் முன்னால் விரிந்து கிடக்க, அத்தனையையும் விட்டுவிட்டு வாய் லேசாகத் திறந்து, கழுத்து ஒரு பக்கம் சரிந்து, சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கினாள். கருகிப்போய் மறுபடி முளைத்த புருவம் ஒன்று அடர்த்தியாகவும் ஒன்று மெலிசாகவும் இருந்தது. பத்தரை ஆகப்போகிறது. இப்போது எழுப்பினால்தான் பன்னிரண்டு மணி வண்டி. அதை விட்டால் அடுத்தது மூன்றே காலுக்கு. பாய்லர் ஆறிக் காத்துக்கொண்டிருக்கும், தானியேல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான், மேஸ்திரி கத்துவார். செங்கா என்று ஒரு தடவை கூப்பிட்டான். அது அவன் காதுக்கே கேட்கவில்லை.

மரத்து நிழல் நகர்ந்து வெயில் அவள் நெற்றியில் விழுந்தது. பூவராகவன் எழுந்துபோய் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றான். அவன் நிழல் அவள் முகத்திலும் தோளிலும் விழுந்தது. மலை பார்க்க வந்த ஒரு குடும்பம், இந்த ஆள் ஏன் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் போயிற்று. கீழே பதினொரு மணி எலெக்ட்ரிக் வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது. சூரியன் ஏற ஏற அவன் நிழல் அவள் தோளை விட்டு, கழுத்தை விட்டுக் குறுகிக்கொண்டே வந்தது. குறுகக் குறுக அவன் ஓர் அடி கிட்டே நகர்ந்து நின்றுகொண்டான்.